அமிகா 1200ல இருந்து வீட்டு நாஸ் ஃபோல்டர திறக்க முடியுமா?

முடியும். வாரத்துல ரெண்டு மூணு நாள் என் அமிகா 1200ங்கிற பழைய கமடோர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, நாஸ்ல (வீட்டு நெட்வொர்க்ல எல்லா மெஷினுக்கும் ஃபைல் குடுக்குற டிஸ்க் பொட்டி) இருக்குற ஃபோல்டர ஒர்க்பெஞ்ச்லயே (அமிகாவோட டெஸ்க்டாப்) ஐகானா திறந்து வேலை பாத்துட்டுதான் இருக்கேன். நீங்க கேட்டது இதுதானே: நெட்வொர்க் கார்டு போட்டாச்சு, பிங் போகுது (அதாவது நாஸ் பதில் குடுக்குது), ஆனா எஸ்எம்பிஎஃப்எஸ்ல (நெட்வொர்க் ஃபோல்டர திறக்குற அமிகா புரோகிராம்) நாஸ் பேரு, யூசர், பாஸ்வேர்ட் எல்லாம் சரியா குடுத்தும் உள்ள விட மாட்டேங்குது, அதனால நாஸ் செட்டிங்ஸ்ல போய் எஸ்எம்பி1ன்னு (நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற எஸ்எம்பி மொழியோட பழைய வெர்ஷன்) இருக்குறத ஆன் பண்ணிடலாமான்னு. பண்ணாதீங்க. ஆன் பண்ணா வேலை செய்யும், அதுல சந்தேகம் இல்ல, இருந்தாலும் வேண்டாம்.

ஏன்னு சொல்றேன். அமிகா 1200 வந்தது 1992 கடைசில, கமடோர் கம்பெனி 1994லயே திவால் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் இந்த மெஷினுக்கு வந்த நெட்வொர்க் சாஃப்ட்வேர் எல்லாம் ஆர்வத்துல உக்காந்து எழுதுனவங்களோட புண்ணியம். நீங்க யூஸ் பண்ற எஸ்எம்பிஎஃப்எஸ் பேசுறது எஸ்எம்பியோட முதல் தலைமுறை. அந்த எஸ்எம்பி1ல இருந்த ஓட்டைய வச்சுத்தான் 2017 மே மாசம் வான்னாக்ரைங்கிற, ஃபைல பூட்டி பணம் கேக்குற வைரஸ் உலகம் பூரா பரவுச்சு. அதுக்கு மேல எல்லாரும் கதவ சாத்திட்டாங்க. விண்டோஸ் 10ல 2017 கடைசில வந்த அப்டேட்ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா எஸ்எம்பி1 சர்வர் வராது, லினக்ஸ்ல எஸ்எம்பி பேசுற சாம்பா சாஃப்ட்வேரோட 4.11 வெர்ஷன் 2019ல வந்தப்போ எஸ்எம்பி2க்கு கீழ எதையும் தானா ஏத்துக்காதுன்னு மாத்திட்டாங்க. நாஸ் பொட்டி பெரும்பாலும் உள்ள லினக்ஸும் சாம்பாவும்தான், அதனால உங்க பாஸ்வேர்ட் சரியா தப்பான்னு பாக்குற இடத்துக்கே பேச்சு போகல, அதுக்கு முன்னாடியே "இந்த பாஷை எனக்கு ஆகாது"ன்னு லைன கட் பண்ணிடுது. நான் இது தெரியாம ஒரு ராத்திரி பூரா பாஸ்வேர்ட மாத்தி மாத்தி போட்டுட்டு இருந்தேன்.

உங்க நாஸ்ல ஃபோட்டோ, டாக்குமெண்ட், பேக்கப் எல்லாம் இருக்கும்ல, ஒரு முப்பது வருஷ பழைய மெஷினுக்காக அந்தப் பொட்டியோட பூட்ட கழட்டுறது எனக்கு மனசு வரல. அதனால நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர வச்சேன். சும்மா கெடந்த ஒரு ராஸ்பெர்ரி பை, கையளவு லினக்ஸ் கம்ப்யூட்டர். அது நாஸ் கிட்ட எஸ்எம்பி3ல பேசும், அமிகா கிட்ட எஸ்எம்பி1ல பேசும்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் வயரிங்தான். பை வைஃபைல வீட்டு நெட்வொர்க்ல இருக்கு, அதோட ஈதர்நெட் போர்ட்ல இருந்து ஒரே ஒரு கேபிள் நேரா அமிகாவுக்கு போகுது, நடுவுல ஸ்விட்ச் கூட கிடையாது. கிராஸ் கேபிள் (உள் வயர மாத்திப் போட்டது) தேவையான்னு பயப்பட வேண்டாம், பையோட போர்ட் தானா மாத்திக்கும். இப்படி பண்ணா எஸ்எம்பி1 அந்த ஒரு கேபிள தாண்டி வெளிய போகவே போகாது, வீட்டுல வேற எந்த மெஷினும் அத பாக்க முடியாது. இன்னொரு லாபமும் இருக்கு. 1200ல சொருகுற பழைய பிசிஎம்சிஐஏ நெட்வொர்க் கார்டுல பாதி 10 மெகாபிட் மட்டும்தான் பேசும், இப்ப வர்ற சில 2.5 கிகாபிட் போர்ட்ல 10 மெகாபிட்டே கிடையாது, லைட் கூட எரியாது. பை கிட்ட அந்தப் பிரச்சனை இல்ல.

செட்டப்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. பைல நாஸ் ஃபோல்டர சிஐஎஃப்எஸ் மவுண்ட் (லினக்ஸ்ல எஸ்எம்பி ஃபோல்டர இணைக்கிற வழி) பண்ணுங்க, வெர்ஷன் 3.0ன்னு குடுத்து. அப்புறம் பைல சாம்பா போட்டு, அதோட கான்ஃபிக் ஃபைல்ல குளோபல் பகுதில குறைஞ்சபட்ச சர்வர் புரோட்டோகால் என்டி1ன்னும் (எஸ்எம்பி1க்கு சாம்பால அதான் பேரு), என்டிஎல்எம் ஆத் எஸ்னும் (பழைய பாஸ்வேர்ட் முறைக்கு அனுமதி) போடணும். இந்த ரெண்டாவது லைன நிறைய பேர் விட்டுடுவாங்க, புரோட்டோகால் ஒத்துப்போயும் பாஸ்வேர்ட் ஏறாது, ஏன்னா சாம்பா 2016லயே பழைய பாஸ்வேர்ட் முறைய தனியா நிறுத்தி வச்சிடுச்சு. அதோட இன்டர்ஃபேஸஸ்ல ஈதர்நெட்ட மட்டும் குடுத்து, பைண்ட் இன்டர்ஃபேஸஸ் ஒன்லி எஸ்ன்னு போடுங்க, இல்லன்னா வைஃபை பக்கமும் எஸ்எம்பி1 தொறந்து கெடக்கும், பண்ண வேலைக்கே அர்த்தம் இல்லாம போயிடும்.

இங்க ஒரு குழில நான் விழுந்தேன், நீங்க விழாதீங்க. பை எப்பவும் ஆன்ல இருக்கும், அமிகாவ நமக்குத் தோணும்போதுதான் ஆன் பண்ணுவோம். பை பூட் ஆகுறப்போ கேபிளோட மறுமுனைல அமிகா ஆஃப்ல இருந்தா ஈதர்நெட்ல சிக்னல் இல்ல, சிக்னல் இல்லன்னா ஐபி அட்ரஸ் ஒட்டல, அட்ரஸ் இல்லன்னா சாம்பா அந்தப் பக்கம் காது குடுக்காம மத்த வேலைய பாக்கப் போயிடுது. அப்புறம் அமிகாவ ஆன் பண்ணி பிங் அடிச்சா போகும், ஷேர் மட்டும் திறக்காது! கரண்ட் போய் வந்த அன்னிக்கு மட்டும் இப்படி ஆகுதேன்னு மண்டைய பிச்சுக்கிட்டு கடைசில புடிச்சேன். சிக்னல் இல்லன்னாலும் அட்ரஸ் ஒட்டுற மாதிரி நெட்வொர்க் செட்டிங்க மாத்தலாம், இல்ல சாம்பாவ ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம், நான் சோம்பேறி, ரெண்டாவதுதான் பண்றேன்.

ஷேர முதல்ல ரீட் ஒன்லியா வைங்க. நாஸ் பூராவையும் காட்டாதீங்க, அமிகான்னு ஒரு ஃபோல்டர் போட்டு அத மட்டும் காட்டுங்க. எழுதுறதுக்குன்னு உள்ள ஒரு சின்ன ஃபோல்டர மட்டும் தனி ஷேரா வச்சா போதும்.

அமிகா பக்கம் உங்களுக்கு பிங்கே போகுதுன்னதால கார்டு பிரச்சனை தாண்டிட்டீங்க, ஆனா இத படிக்கிற மத்தவங்களுக்காக சொல்லிடறேன். 1200ல இடது பக்கம் இருக்குற ஸ்லாட் 16 பிட் பிசிஎம்சிஐஏ. அதுக்கப்புறம் லேப்டாப்புக்கு வந்த கார்ட்பஸ் கார்டு 32 பிட், பாக்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், ஆனா ஆகாது. முனைல தங்க கலர்ல புள்ளி புள்ளியா ஒரு பட்டை இருந்தா அது கார்ட்பஸ். உள்ள போகலன்னா அழுத்தாதீங்க, பின் வளஞ்சா கதை முடிஞ்சுது. என்இ2000 வகை கார்டு கெடச்சா சிநெட் டிவைஸ்னு ஒரு இலவச டிரைவர் இருக்கு, நல்லா ஓடும்.

ராம் எக்ஸ்பேன்ஷன் விஷயத்துலதான் என் ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. 1200ல இருக்குற சிபியு 24 பிட் அட்ரஸ்தான், பிசிஎம்சிஐஏ ஸ்லாட்டுக்குன்னு ஒதுக்குன 4 எம்பி இடத்துலயே 8 எம்பி ராம் கார்டோட பின்பாதியும் வந்து உக்காருது. ரெண்டும் ஒரே சீட்டுக்கு டிக்கெட் வாங்குன மாதிரி. ராம் கார்டுல ஜம்பர் இருந்தா 4 எம்பிக்கு குறைச்சிடுங்க, நெட்வொர்க் கார்டு உடனே தெரிய ஆரம்பிக்கும். 68030ங்கிற வேகமான சிபியு போட்ட ஆக்ஸிலரேட்டர் கார்டுல ராம் வேற எடத்துல உக்காரும், அவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. ராமே போடாம வெறும் 2 எம்பியோட டிசிபி ஸ்டாக்கும் (நெட்வொர்க்ல பேச வைக்கிற புரோகிராம்) எஸ்எம்பிஎஃப்எஸும் ஓட்டுறது ரொம்ப இறுக்கம், ஏறும், ஆனா அதுக்கு மேல ஒரு புரோகிராம் திறக்க எடம் இருக்காது. ஸ்டாக்குக்கு நான் ரோட்ஷோ காசு குடுத்து வாங்கிட்டேன், பழைய அமிடிசிபியும் போதும். இன்னொண்ணு, கீபோர்ட்ல ரீசெட் அடிச்சா சில சமயம் கார்டு காணாம போயிடும், மெஷின் அத ஒழுங்கா ரீசெட் பண்றதில்ல. பவர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

"டிரைவரே இன்னும் அமிகாவுக்குள்ள போகலையே, நெட்வொர்க் இல்லாம எப்படி போடுறது"ன்னு கேக்குறவங்களுக்கு: 720 கேபி ஃப்ளாப்பி. அமிகாவோட 880 கேபி ஃப்ளாப்பிய பிசி டிரைவ் படிக்காது, ஆனா பிசில ஃபார்மேட் பண்ண 720 கேபி ஃப்ளாப்பிய கிராஸ்டாஸ்ங்கிற புரோகிராம் வச்சு அமிகா படிச்சுக்கும். இல்லன்னா அதே ஸ்லாட்ல காம்பாக்ட் ஃப்ளாஷ் அடாப்டர் போட்டு காப்பி பண்ணிட்டு, அப்புறம் அத எடுத்துட்டு நெட்வொர்க் கார்ட போடணும். ஒரே ஸ்லாட்தான், ரெண்டும் சேந்து இருக்க முடியாது.

எஸ்எம்பி2 பேசுற ஹாண்ட்லரும் (எஸ்எம்பிஎஃப்எஸ் மாதிரி ஒரு புரோகிராம்) அமிகாவுக்கு இருக்கே, பை எதுக்குன்னு சிலர் கேப்பாங்க. நல்ல ஆக்ஸிலரேட்டர் வச்சிருக்கறவங்க தாராளமா ட்ரை பண்ணலாம். சாதா 14 மெகாஹெர்ட்ஸ் சிபியுல எனக்கு ஆர்வம் வரல, சைனிங் (பாக்கெட்ட யாரும் மாத்தலன்னு சரிபாக்க கையெழுத்து போடுறது) கட்டாயம்னு நாஸ் சொல்லிட்டா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஷா256 கணக்கு போட்டே அது ஓஞ்சிடும். எஃப்டிபிங்கிற பழைய ஃபைல் அனுப்புற முறை ரொம்ப லேசு, வேகமும் எஸ்எம்பியவிட பரவால்ல, ஆனா ஃபைல இறக்கித்தான் திறக்கணும், ஐகான கிளிக் பண்ணி நேரா திறக்குற சுகம் வராது. எதுவா இருந்தாலும் வினாடிக்கு சில நூறு கிலோபைட்னு மனச தேத்திக்கோங்க. ஒரு ஏடிஎஃப் ஃபைல் (அமிகா ஃப்ளாப்பியோட முழு நகல்) 880 கேபிதான், அதனால வேகம் ஒரு குறையாவே தெரியல.

கனெக்ட் ஆன சந்தோஷத்துல எல்லாரும் பண்ற தப்பு, ஹார்ட் டிஸ்க்ல இருக்குறத அப்படியே நாஸுக்கு இழுத்துப் போடுறது. அமிகா ஃபைலுக்கு ஸ்க்ரிப்ட், ப்யூர் மாதிரி சில பிட் (அடையாளக் குறி) இருக்கு, கமெண்ட் இருக்கு, இதெல்லாம் நாஸ்ல தங்காது. திரும்ப கொண்டு வந்தா ஸ்டார்ட்டப்ல இருக்குற ஸ்க்ரிப்ட் ஓடாது, ஏன்னே புரியாது. எல்ஹெச்ஏல (ஜிப் மாதிரி ஒரு புரோகிராம்) பேக் பண்ணி, அந்த ஒரு ஃபைல அனுப்புங்க. பிரிக்கிறதயும் அமிகாவுக்குள்ளயே பண்ணுங்க, பிசில பிரிச்சு அனுப்பாதீங்க. அமிகாஓஎஸ் 3.1 வரைக்கும் அதோட சொந்த ஃபைல்சிஸ்டம்ல பேரு 30 எழுத்துதான், அதனால நாஸ்ல நீளமா பேரு வச்ச ஃபைல் காப்பி ஆகுறப்போ வால் வெட்டுப்படும், ஒரே மாதிரி ஆரம்பிக்கிற ரெண்டு ஃபைல் இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடும். தமிழ்ல பேரு வச்ச ஃபைல் எல்லாம் கேள்விக்குறியா தெரிஞ்சா பதறாதீங்க, அமிகாவுக்கு யூனிகோட் தெரியாது, நாஸ்ல பேரு அப்படியேதான் இருக்கும்.

ஃப்ரீ ஸ்பேஸ்னு ஒர்க்பெஞ்ச் காட்டுற நம்பரையும் நம்பாதீங்க. சில டெராபைட் ஷேர பாத்து எனக்கு ஒரு நாள் டிஸ்க் ஃபுல்னு காட்டுச்சு, அந்தக் காலத்துல அவ்வளவு பெரிய டிஸ்க்க யாரு நினைச்சா. 1200ல பேட்டரி வச்ச கடிகாரமும் கிடையாது, அதனால நீங்க நாஸ்ல எழுதுற ஃபைல் எல்லாம் ஏதோ பழைய தேதில போய் உக்காரும், நாஸோட சிங்க் புரோகிராம் அத பழைய காப்பின்னு நெனச்சு ஒதுக்கிடும். ஸ்டாக் ஏறுன உடனே பை கிட்ட நேரம் கேட்டு செட் பண்ற மாதிரி ஒரு லைன ஸ்டார்ட்டப்ல போட்டுட்டு, அப்புறமா மவுண்ட் லைன போடுங்க.