தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒரே டப்பாவில் இருக்கிறதா?

கேள்வி: எனக்கு 54 வயது, மாதவிடாய் நின்றுவிட்டது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பு தேய்ந்துவிட்டது என்று 4,800 ரூபாய்க்குப் பவளக் கால்சியம் கொடுத்தார்கள். காலையில் இரண்டையும் சேர்த்தே போடுகிறேன். கிட்னியில் கல் வரும் என்கிறார்கள். நிறுத்திவிடவா?

பதில்: கல்லைவிட எனக்குக் கவலை தருவது, 'இரண்டையும் சேர்த்தே' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். கால்சியம் குடலில் தைராய்டு மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்கு ஒரே வருடத்தில் 50-லிருந்து 100 மைக்ரோகிராமுக்கு மாத்திரையை ஏற்றியும் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு போதாவிட்டால் ரத்தத்தில் கூடும் அளவு) இறங்கவில்லை. பையைக் கொட்டச் சொன்னேன். பழைய பாக்கு டப்பா ஒன்றில் இரண்டு மாத்திரையும் ஒன்றாகக் கிடந்தன. சீட்டில் '1-0-1' என்று கிறுக்கித் தந்தவர், எப்போது போடுவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு அந்த ஒரு வருடம் மிச்சம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று ஓ.பி. நடத்தினால் வேறென்ன நடக்கும்?

தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. நடுவில் நாலு மணி நேரமாவது இருக்கட்டும். சாப்பாட்டோடு போட்டால் கல் பயமும் குறையும்: கல்லுக்குக் காரணமான ஆக்சலேட்டைக் கால்சியம் குடலிலேயே கட்டி மலத்தோடு அனுப்பிவிடும். ஏற்கெனவே கல் வந்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

பவளக் கால்சியம் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரையிலும் அதேதான். அட்டையின் பின்புறம் பாருங்கள்: கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்றால் கால்சியம் 500தான். உங்கள் வயதில் நாளுக்கு 1,200 மில்லிகிராம் தேவை. இரண்டு டம்ளர் பாலில் ஏறக்குறைய 480, நூறு கிராம் கேழ்வரகில் 350 வந்துவிடும். மீதிக்கு ஒரு மாத்திரை போதும். இரண்டை ஒரே வேளையில் விழுங்கினால் உடம்பு அத்தனையையும் எடுத்துக்கொள்ளாது.

கேஸ் மாத்திரை, அதாவது பான்டோப்ரசோல் மாதிரி எதையாவது, தினமும் போடுகிறீர்களா? இதைக் கட்டாயம் பாருங்கள். கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அந்த மாத்திரையோ அமிலத்தைத்தான் குறைக்கிறது. அப்படியானால் கால்சியம் சிட்ரேட் கேளுங்கள். அது சாப்பாட்டோடுதான் என்றில்லை, எப்போது வேண்டுமானாலும் போடலாம்; தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளி என்பது மட்டும் இதற்கும் உண்டு. ஆனால் சிட்ரேட்டில் கால்சியம் ஐந்தில் ஒரு பங்குதான், அதனால் மாத்திரை பெரிதாகவோ எண்ணிக்கை கூடுதலாகவோ இருக்கும். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான்' என்பார். இல்லை.

வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரையும் எழுதியிருந்தால் அது வாரத்துக்கு ஒன்று. தினமும் போட்டு, வாந்தியும் குழப்பமுமாக ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த முகாம்காரர்கள்மேல் எனக்குக் கடும் கோபம். குதிகால் மெஷினை மட்டும் வைத்து எலும்புத் தேய்மானம் என்று முடிவுகட்ட முடியாது. இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும். பரிசோதித்தவரே மாத்திரையும் விற்றால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். இவர்களை மண்டபத்துக்குள் விடும் சங்கங்களையும் யாரும் கேட்பதில்லை.

நேரத்தை மாற்றி ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள். அதுவரை தைராய்டு மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரிடம் போகும்போது சீட்டு போதாது, வீட்டிலுள்ள எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.