அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க!

கேள்வி: எங்கம்மாவுக்கு 74 வயசு, சிங்கப்பூர் யீஷூன்ல தனியா இருக்காங்க. யாரும் கூப்பிடாமலே ஒருத்தர் வாசல்ல வந்து நின்னு, தண்ணி டெஸ்ட் பண்றேன்னு சொல்லி 2,400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஃபில்டர் வித்துட்டுப் போயிருக்காரு. பேப்பர் முழுக்க இங்கிலீஷ், அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். என்ன பண்றது?
- வாசகி, செங்காங்

பதில்: முதல்ல எந்தத் தேதியில கையெழுத்துப் போட்டாங்கன்னு பாருங்க. கூப்பிடாம வீடு தேடி வந்து வித்தத 5 நாளுக்குள்ள கேன்சல் பண்ணலாம், சனி ஞாயிறு பொது விடுமுறை அதுல சேராது, காரணமும் சொல்ல வேணாம். போன்ல சொன்னா பத்தாது, எழுதிக் குடுத்துட்டு ஒரு காப்பி வச்சுக்கங்க. என்னைக் கேட்டா வயசானவங்களுக்கு இந்த 5 நாள் பத்தவே பத்தாது, பிள்ளைங்க வந்து பேப்பரப் பாக்குறதுக்குள்ளயே ஓடிடும்.

நாள் தாண்டிட்டாலும் விட்றாதீங்க, 2003ல வந்த பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டத்துல, வாங்குறவருக்கு அந்த வியாபாரத்தோட மொழியோ விளைவோ புரியலன்னு தெரிஞ்சே அத சாக்கா வச்சு விக்கிறது முறையற்ற செயல்னே இருக்கு, உங்கம்மா விஷயம் அச்சு அசலா அதுதான். பயனீட்டாளர் சங்கத்துகிட்ட போங்க, அங்கயும் முடியலன்னா ஸ்மால் கிளைம்ஸ், அதாவது சின்னத் தொகை வழக்குகளப் பாக்குற நடுவர் மன்றம், அங்க 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம் (வச்சாலும் விடமாட்டாங்க), ஆனா 2 வருஷத்துக்குள்ள போடணும். அதுவரைக்கும் ஃபில்டர் பெட்டியப் பிரிக்காதீங்க.