பால், முட்டை விட்டபின் சோர்வு, உப்புசம்: 3,000 ரூபாய்க்குள் சாப்பாடு

வணக்கம். பாலும் முட்டையும் விட்டு ஒரு வருஷம், அறையில் ஒரே ஒரு குக்கர், மாசம் 3,000 ரூபாய், எப்போதும் சோர்வு, சுண்டல் தின்றால் வயிறு உப்புசம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சோர்வுக்கு முதலில் வைட்டமின் பி12, ஹீமோகுளோபின் இரண்டையும் ரத்தத்தில் பாருங்கள். பருப்பிலும் கீரையிலும் பி12 கிடையாது. மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரைதான் வழி. ஸ்பைருலினாவில் காசைக் கொட்டாதீர்கள், அதிலிருப்பதில் பெரும்பகுதி உடம்புக்கு உதவாத போலி பி12.

உப்புசத்துக்கு ஊறலும் வேகலும் போதாததே பெரும்பாலும் காரணம். கொண்டைக்கடலையை 10 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில், இரு விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேகவிடுங்கள். விசில் கணக்கை நம்ப வேண்டாம், பழைய கடலை கூடுதல் நேரம் கேட்கும். முதல் வாரம் ஒரு கைப்பிடி போதும். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் பாசிப்பருப்புக்கு மாறுங்கள்.

புரதத்துக்கு மலிவு மீல் மேக்கர்: 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம். வேளைக்கு உலர்ந்தது 30 கிராம். உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் வைத்து, இருமுறை பிழியுங்கள். பிழியாமல் போட்டால் குழம்பு முழுக்கப் பச்சை வாடைதான்.

கால்சியத்துக்குக் கேழ்வரகுக் கூழ், எள்ளுப் பொடி. முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, டீயை ஒரு மணி நேரம் தள்ளுங்கள். பாதாம் பால் பாக்கெட் உங்கள் பட்ஜெட்டுக்குத் தண்டம், அந்தக் காசுக்கு வேர்க்கடலை வாங்குங்கள்.