வெல்டிங் வேலைக்கு வரும் பெண்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

மதுரை கப்பலூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் 22 வருடமாக இருக்கிறேன். ஹெல்ப்பராகச் சேர்ந்து வெல்டராகி, இப்போது ஷிப்ட் சூப்பர்வைசர். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஐடிஐயில் வெல்டர் டிரேடு கேட்டிருக்கிறேன். "பொம்பளைப் பிள்ளை இரும்பைத் தூக்க முடியுமா" என்கிறார் அப்பா. (உசிலம்பட்டி)

200 கிலோ தகட்டை ஆம்பளைகளும் கையால் தூக்குவதில்லை தாயி. கிரேனும் செயின் பிளாக்கும்தான் தூக்கும். வெல்டருக்கு வேண்டியது நிதானம். 3.15 மில்லி கனமான வெல்டிங் ராடு என்றால், ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறியின் (ஆர்க்) இடைவெளியும் ஏறக்குறைய அந்த 3 மில்லிதான்; அதைக் கை நடுங்காமல் கடைசிவரை பிடிக்க வேண்டும். அப்பாவை ஒருநாள் பட்டறைக்குக் கூட்டி வா, நேரில் பார்க்கட்டும்.

ராத்திரியானால் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. உருளைக்கிழங்கு வைக்கலாமா?

வேண்டாம், கண் டாக்டரிடம் போ. பெரும்பாலும் பக்கத்து ஆள் அடிக்கும் ஆர்க்கின் வெளிச்சம்தான் காரணம். சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். நடுவில் திரை கட்டச் சொல்.

நைட் ஷிப்டில் பெண்கள் நிற்கச் சட்டம் விடாதாமே?

பழைய கதை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 66-ஆம் பிரிவு அப்படித் தடுத்தது. 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது; கூடவே பெண்களின் பாதுகாப்புக்கு நிபந்தனைகளும் வைத்தது. உன் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. வீட்டு வாசல் வரை வண்டி உண்டா என்று முதலில் கேள். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகிற வண்டி கணக்கில் சேராது.

பிரசவ லீவு முடிந்து வந்தேன். "உன் வெல்டர் சர்டிபிகேட் செத்துப்போச்சு" என்று கிரைண்டிங்கில் போட்டுவிட்டார்கள். (திருமங்கலம்)

இதைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. என்னையும் ஒரு பட்டறையில் இப்படித்தான் எட்டு மாதம் கிரைண்டர் பிடிக்க வைத்தார்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி ஒரு வெல்டிங் முறையில் 6 மாதம் அடிக்காமல் இருந்தால் அந்தத் தகுதி போய்விடும். முதல் இரண்டு பிள்ளைக்குப் பிரசவ லீவு 26 வாரம், அதாவது அதே ஆறு மாதம். அந்த லீவை முழுசாக எடுத்தவள் எல்லோருக்கும் இது நடக்கும் என்று கணக்குப் பார்த்தாலே தெரியும். மறைக்கிற பாதி இது: ஒரேயொரு டெஸ்ட் கூப்பன் (சோதனைக்கு வெல்டிங் அடித்துக் காட்டும் துண்டு) அடித்துப் பாஸானால் அந்த முறையில் பழைய தகுதி அப்படியே திரும்பிவிடும். அரை நாள் வேலை. "எனக்குக் கூப்பன் டெஸ்ட் வையுங்கள்" என்று எழுதிக் கொடு, நகலில் கையெழுத்து வாங்கு. சம்பளத்தைக் குறைத்தால் அதுவும் தப்பு. லீவைக் காரணம் காட்டி வேலை நிபந்தனையைக் கீழே இறக்கக் கூடாது. அப்புறம், டெஸ்டுக்கு முன் இரண்டு நாள் பழைய தகட்டில் அடித்துப் பார், கை திரும்பிவிடும்.

முதன்முறையாக 4 பெண்களைச் சேர்க்கிறோம் மேடம். என்ன தயார் செய்வது? (ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர்)

பட்டறைக்குப் பக்கத்திலேயே தண்ணீர் வரும், தாழ்ப்பாள் விழும் கழிப்பறை. அது இல்லையென்றால் பெண்கள் அந்தச் சூட்டில் தண்ணீர் குடிக்காமலே நிற்பார்கள், மயங்கி விழுவார்கள். பிறகு 4, 5 நம்பர் சேஃப்டி ஷூ, சின்ன அளவு கையுறை, காட்டன் கோட். தொளதொள கையுறையோடு ராடு பிடிக்க வைக்காதீர்கள் சார். டிரில்லிங் மெஷினில் கையுறையே கூடாது, அது ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.