தற்காப்பு ஆட்டக்காரர், பிறகு துணைப் பயிற்றுநர்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் காற்பந்து ஆடும் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் லீக் அணிகளில் சென்டர் பேக்காக (தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவராக) ஆடி, இப்போது துணைப் பயிற்றுநராக இருப்பவர்.

அண்ணே, மகனுக்கு 13 வயசு. ஆள் உயரம்னு தமிழ்ப்பள்ளியில இருந்தே பின்னாடியே நிறுத்துறாங்க. சரியா?

சரியில்லை. 13 வயதில் உயரமாக இருப்பவன் 17 வயதில் நடுத்தர உயரத்தில் நின்றுவிடலாம். அப்போது அவனிடம் மிஞ்சுவது பந்தைத் தூர உதைக்கும் பழக்கம் மட்டும்தான். இரண்டு ஆண்டு நடுத்திடலில் ஆடட்டும். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வரும். இடது கால் பாஸையும் இப்போதே பழக்குங்கள்.

புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, பகாங் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி காற்பந்து அகாடமி இரண்டுமே தேர்வு வைத்துத்தான் எடுக்கின்றன. எம்.எஸ்.எஸ்.டி. என்ற பள்ளிகளுக்கிடையிலான மாவட்டப் போட்டியிலும் அதற்கடுத்த மாநிலப் போட்டியிலும் ஆடினால்தான் பயிற்றுநர்கள் கண்ணில் படுவான்.

கோச், நான் சென்டர் பேக், 18 வயசு. ஓட்டத்துல குறை இல்ல. ஆனா பந்து என் தலைக்கு மேல போய் கோல் ஆயிடுது. ஏன்?

நீங்கள் பந்தை மட்டும் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியது பந்தை வைத்திருப்பவரை. அவர் மேல் நம் ஆள் நெருக்கடி கொடுத்தாலோ, அவர் தலை குனிந்திருந்தாலோ, பந்தைப் பின்னுக்குத் தள்ளினாலோ, தற்காப்பு வரிசையின் நான்கு பேரும் ஒன்றாக மேலே ஏறுங்கள். அவர் தலை நிமிர்ந்து, எதிரே யாருமில்லாமல் காலைப் பின்னுக்கு இழுத்தால், உதைக்கும் முன்பே இறங்குங்கள். உதைத்த பிறகு இறங்கினால் மூன்று அடி பிந்திவிடுவீர்கள். எதிரணி ஸ்ட்ரைக்கருக்கு அது போதும்.

அடுத்தது நிற்கும் விதம். இரண்டு பாதமும் பந்தை நோக்கிச் சமமாக நின்றால் திரும்பவே ஒரு கணம் போய்விடும். பக்கவாட்டில், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நில்லுங்கள். பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் 8 முதல் 10 மீட்டர் இருக்கட்டும். அதற்கு மேல் விரிந்தால் நடுவில் பந்து புகும்.

ஏறு, இறங்கு என்று குரல் கொடுப்பது ஒருவர்தான். இருவர் கத்தினால் ஒருவன் ஏறுவான், இன்னொருவன் நிற்பான், ஆஃப்சைட் வரிசை உடைந்துவிடும். பந்து பாஸ் ஆகும் நேரத்தில் நம் அணியின் கடைசிக்கு முந்திய ஆளைத் தாண்டி நிற்பவர்தான் ஆஃப்சைட்; அவருக்குச் சமமாக நிற்கும் ஸ்ட்ரைக்கர் 1990 முதல் ஆஃப்சைட் இல்லை. ஆகவே ஆஃப்சைட் கேட்டுக் கையைத் தூக்கிவிட்டு நின்றுவிடாதீர்கள், ஓடிக்கொண்டே தூக்குங்கள்.

பெட்டிக்குள்ள கோல் வாய்ப்பைத் தடுத்து ஃபவுல் பண்ணினா கட்டாயம் சிவப்பு அட்டையா?

2016 விதி மாற்றத்துக்குப் பிறகு, பந்தை எடுக்க முயன்றதில் நடந்த ஃபவுல் என்றால் பெனால்டியும் மஞ்சளும்தான். சட்டையைப் பிடித்து இழுத்தாலோ, தள்ளினாலோ, கோலுக்குப் போகும் பந்தை வேண்டுமென்றே கையால் தடுத்தாலோ சிவப்பு.

சார், எனக்கு 29 வயசு, இன்னும் ஆடுறேன். பயிற்றுநர் லைசென்ஸ் எப்ப எடுக்கணும்?

இப்போதே. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் வரிசை டி, சி, பி, ஏ, புரோ. ஒன்றை முடித்ததும் அடுத்ததில் உட்கார முடியாது, இடையில் ஓர் அணியோடு வேலை செய்து காட்ட வேண்டும். 35 வயதில் பூட்ஸைக் கழற்றிவிட்டு டி-யில் தொடங்குபவர், ஏ கையில் வருவதற்குள் 40-ஐத் தாண்டிவிடலாம். ஆடும்போதே சி வரை முடித்தவருக்கு, கிளப் தன் 18 வயதுக்குட்பட்ட அணியைத் தயங்காமல் கொடுக்கும்.

பலர் சறுக்குவது திடலில் இல்லை, எழுத்தில். பயிற்சித் திட்டத்தைக் காகிதத்தில் போட வேண்டும்: திடலின் அளவு, ஆள் எண்ணிக்கை, எத்தனை நிமிடம், என்ன பிழையைத் திருத்தப் போகிறோம் என்று. நன்றாக ஆடியவர்கள்தான் இதில் அதிகம் திணறுகிறார்கள், உடம்பு தானாகச் செய்ததை அவர்கள் வாயால் சொல்லிப் பழகியதில்லை.

துணைப் பயிற்றுநர்னா கோன் அடுக்குறவர்தானே?

கோனும் அடுக்குவார். சனிக்கிழமை ஆட்டம் என்றால், திங்கட்கிழமை அவர் வேலை வீடியோ. வாங்கிய கோல் ஒவ்வொன்றிலும், பந்து கோலுக்குள் போவதற்குப் பத்து வினாடி முன்பிருந்து பார்க்க வேண்டும், பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். செவ்வாய், புதன் இரண்டு நாளும் தற்காப்பு வரிசையைத் தனியே பிரித்துப் பயிற்சி. வியாழன் கார்னர், ஃப்ரீ கிக். முன்கம்பத்தில் ஒருவர், சிறு பெட்டிக் கோட்டில் மூன்று பேர், எதிரணியின் உயரமானவர்கள் மேல் ஆளுக்கு ஒருவர், தடுத்து வெளியே வரும் இரண்டாம் பந்துக்கு ஒருவர். மாற்று ஆட்டக்காரர் இறங்கும்போது கார்னரில் யார் பொறுப்பு யாருக்கு மாறுகிறது என்பதையும் அன்றே எழுதி வைக்க வேண்டும். 70 நிமிடத்துக்குப் பிறகு எதிரணி தலையால் அடித்து நாம் வாங்கும் கோல் பல, புதிதாக வந்தவரிடம் இதைச் சொல்ல மறந்ததால் வருபவை.

தலைமைப் பயிற்றுநரோடு கருத்து வேறுபாடு இருந்தால் அறைக்குள் பேசுங்கள். ஆட்டக்காரர் முன்னால் முகத்தைக் கூடக் காட்டக் கூடாது.

துணையாவே காலம் போயிடுமோ?

ஓங் கிம் சுவீ, மலேசிய அணியின் பயிற்றுநராக இருந்த கே. ராஜகோபாலுக்குத் துணையாக இருந்தவர். 2011 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் மலேசியாவின் 23 வயதுக்குட்பட்ட அணிக்குத் தலைமைப் பயிற்றுநராகத் தங்கம் வென்றார். ஆனால் துணைப் பணியிலேயே நிறைவாக இருப்பவரைக் குறைவாகப் பார்ப்பது நம் ஊர்ப் பேச்சு. தோல்வி வந்தால் முதலில் வேலை போவது தலைமைப் பயிற்றுநருக்குத்தான்.

சம்பளம் ரெண்டு மாசமா வரல. என்ன செய்ய?

வாட்ஸ்ஆப்பில் திட்டாதீர்கள், கடிதம் எழுதுங்கள். ஃபிஃபா விதிப்படி, இரண்டு மாதச் சம்பளத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகத் தராத கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்து, குறைந்தது 15 நாள் தவணை கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் தராவிட்டால், ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் இருக்கிறது. அந்த 15 நாளும் பயிற்சிக்குத் தவறாமல் போங்கள். போகாவிட்டால், ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான் என்று கிளப் திருப்பிவிடும். முறிப்பதற்கு முன் ஆட்டக்காரர் சங்கமான பி.எஃப்.ஏ.எம்.-இடம் கடிதத்தைக் காட்டுங்கள். ஒப்பந்த நகலைக் கையொப்பமிட்ட நாளிலேயே கேட்டு வாங்குங்கள். இ.பி.எஃப். என்ற சேமநிதிக் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள், அது நின்றால் அடுத்தது சம்பளம்.

ஆட்டம் நடக்கும்போது துணைப் பயிற்றுநரும் எழுந்து கத்தலாமா?

பெஞ்சைச் சுற்றியுள்ள தொழில்நுட்பப் பகுதியிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் உத்தரவு சொல்லலாம். தலைமைப் பயிற்றுநர் உட்கார்ந்த பிறகு எழுந்திருங்கள். 2019 முதல் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் அட்டை உண்டு. கத்தியது யார் என்று நடுவருக்குத் தெரியாவிட்டால், அந்த அட்டை அங்கே இருக்கும் மூத்த பயிற்றுநர் பெயரில் விழும்.