‘உனக்காகத்தானே அம்மா போனவ’

கேள்வி: என் அக்கா குவைத்துக்குப் போய் 3 வருடம். அவளுடைய மகள் என்னோடுதான் இருக்கிறாள். 15 வயது, அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுத வேண்டும். சித்திரை வெயிலிலும் நீளக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை. போன கிழமை கிணற்றடியில் கண்டேன், கையில் பழையதும் புதியதுமாகத் தழும்புகள். கேட்டால் பூனை பிறாண்டியது என்கிறாள். மாமி, நாவூறு என்று தண்ணீர் ஓதிக் குடிப்பித்தார். என் கணவர், காதல் விவகாரம்தான், போனைப் பறி என்கிறார். அக்கா அனுப்புகிற காசில் அவளுக்கென்றுதான் வீடு கட்டுகிறோம், சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. ‘உனக்காகத்தானே அம்மா போனவ’ என்று சொல்லிச் சொல்லித்தான் படிக்க வைக்கிறோம். பிள்ளை சாக நினைக்கிறாளா? ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வருமா?
— களுவாஞ்சிக்குடிப் பக்கத்து வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பூனையை விட்டுவிடுங்கள். பொய்யென்று உங்களுக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ‘ஏன் பொய் சொன்னாய்’ என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். இப்படித் தங்களைத் தாங்களே காயப்படுத்துகிற பிள்ளைகளில் பலர் சாவதற்காகச் செய்வதில்லை. உள்ளே தாங்க முடியாமல் கிடக்கிற ஒன்றைக் கொஞ்ச நேரம் அமர்த்தத்தான் செய்கிறார்கள். அதற்காக ‘அப்பாடா’ என்று இருந்துவிடவும் முடியாது. இந்தப் பழக்கம் உள்ள பிள்ளைக்குத் தற்கொலை எண்ணம் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. ஆகவே நேராகவே கேளுங்கள்: ‘செத்துப் போகலாம் போல இருக்குதா மகள்?’ கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், அப்படி நடப்பதில்லை. ஓம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அதுவரை தனியே விடாதீர்கள். எப்படியானாலும் வீட்டில் உள்ள குளிசைகளையும் வயலுக்கு அடிக்கிற மருந்தையும் இன்றைக்கே பூட்டி வையுங்கள்.

பொலிஸ் பயம் வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்றிருந்த சட்டத்தையே 1998இல் எடுத்துவிட்டார்கள். ஊரில்தான் இன்னும் எடுக்கவில்லை.

சரி, ஏன் செய்கிறாள்? இவள் ஒருத்தி மட்டும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பதின்ம வயதினரில் 100க்கு 17 பேரளவில் ஒரு தடவையாவது தங்களைக் காயப்படுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் 12, 13, 14 வயதில் தொடங்குகிறது. காரணம் ஒன்றில்லை. மனச்சோர்வு, தூக்கமின்மை, வகுப்பில் கேலி, கூட்டாளி செய்வதைக் கண்டது என்று பலதும் சேரும். சின்ன வயதில் அடியோ வேறு கொடுமையோ பட்ட பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம். வீட்டுக்கு வந்து போகிற யாராவது அவளுக்குத் தொந்தரவு தருகிறார்களா என்பதையும், யாரும் இல்லாத நேரம் பார்த்து, கேளுங்கள். நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் யாரும் இல்லை. காதல் விவகாரமும் இருக்கலாம்தான், ஆனால் போனைப் பறித்தால் அம்மாவின் குரலும் சேர்ந்து போய்விடும். மாமியின் தண்ணீரைக் குடிக்கட்டும், அதில் நட்டமில்லை. அதோடு நிற்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதின ஒரு வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். ‘உனக்காகத்தானே அம்மா போனவ.’ நீங்கள் அன்பாகத்தான் சொல்கிறீர்கள். அவள் காதில் அது ‘அம்மா இல்லாததற்கு நீதான் காரணம்’ என்று விழுகிறது. கணக்கில் 40 எடுத்த நாள், வாசலில் அந்த லிண்டல் மட்டச் சுவரைப் பார்த்துக்கொண்டுதானே வீட்டுக்குள் வருகிறாள்? ஒவ்வொரு கல்லும் அவள் கடன். இந்தப் பழக்கத்துக்குள் போகிற பிள்ளைகளிடம் அடிக்கடி காண்பது இரண்டு விஷயங்கள்: உணர்ச்சி பெருக்கெடுத்து வரும், சொல்ல வாய் வராது. மற்றது, தன்னைத்தானே திட்டிக்கொண்டே இருக்கிற ஒரு குரல். ‘நான் கூடாதவள், எனக்குத் தண்டனை வேணும்.’ சத்தம் போடாத, சொன்னதைக் கேட்கிற, ‘தங்கமான பிள்ளை’ என்று ஊர் சொல்கிற பிள்ளைக்குள்ளும் அந்தக் குரல் இருக்கலாம்.

நானும் ஒரு தரம் பிழை விட்டவள். மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் படிப்பித்த காலம். ஒரு பிள்ளையின் கையைக் கண்டதும் பதறிப்போய் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், தாயை வரவழைத்து, எல்லோர் முன்னாலும் ‘இனிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணு’ என்றேன். பண்ணினாள். பிறகு அவள் கையில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் பெருமை. மறைக்கிற இடத்தை மாற்றிக்கொண்டாள் என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இடைப்பட்ட நாளெல்லாம் என்னைக் கண்டால் ‘குட்மோர்னிங் டீச்சர்’ என்று சிரித்துக்கொண்டு போவாள். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும்.

அதனால் சத்தியம் கேட்காதீர்கள். முகத்துக்கு முகம் இருத்தி விசாரிக்கவும் வேண்டாம். இரவைக்குப் பிட்டு அவிக்கும்போது தேங்காயைத் திருவச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ‘கையைக் கண்டனான் மகள், ஏச மாட்டன். எந்த நேரம் அப்படிச் செய்யோணும் போல வருது?’ என்று கேளுங்கள். கை வேலையில் இருந்தால் வாய் திறக்கும். முதல் நாள் சொல்லாவிட்டால் விடுங்கள். புதுக் காயம் இருந்தால் பேச்சில்லாமல் கழுவிச் சுத்தமான துணியால் கட்டிவிடுங்கள்.

அக்காவுக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் ‘நான் அம்மாவிடம் சொல்லப் போறன், எப்படிச் சொல்ல?’ என்று அவளிடம் கேட்டுவிட்டு. அக்கா போனில் அழுது ‘உனக்காகத்தானே’ என்று தொடங்காமல் முன்கூட்டியே எச்சரித்து வையுங்கள். வீடு கட்டுவது பெரியவர்கள் எடுத்த முடிவு என்று அக்கா வாயாலேயே அவள் ஒரு தரம் கேட்கட்டும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசில்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் போகலாம். நடு இரவில் யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் 1926க்குப் போன் எடுங்கள், தமிழிலும் கதைக்கலாம். யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் 1929.

கேள்வி: எங்கள் 10ஆம் வகுப்பில் மூன்று மாணவிகள் இப்படிச் செய்வதாகத் தெரிகிறது. காலைக் கூட்டத்தில் அறிவுரை சொல்லலாமா?
— ஆசிரியர், கல்முனை

பதில்: வேண்டாம் சேர். ஒருத்தி செய்வதைக் கண்டு இன்னொருத்தி தொடங்குவது இந்த வயதில் உண்டு. மேடையில் நின்று சொன்னால் தெரியாத பிள்ளைகளுக்கும் தெரிய வரும், மூன்று பேருக்கும் ஊர் பெயர் வைத்துவிடும். ஒவ்வொருவராகக் கதையுங்கள், மூவரையும் ஒன்றாக இருத்த வேண்டாம். ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாது. பெரும்பாலும் மணி அடித்த பிறகு, மறந்த கொப்பியை எடுக்க வந்தது போலத்தான் வந்து நிற்பார்கள். அந்த நேரம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் எடுக்காதீர்கள்.