கோல் கணக்கு எழுதாத ஞாயிற்றுக்கிழமைகள்

தம்பி, உங்கள் கடிதத்தில் இருந்தது ஒரே கேள்விதான் என்றாலும் அதற்குள் ஒரு கோபமும் இருந்தது. இங்கிலாந்தின் ரெடிங்குக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஏழு வயது மகனை உள்ளூர்க் கால்பந்துக் கிளப்பில் சேர்த்திருக்கிறீர்கள். பக்கத்துக்கு ஐந்து பேர்தான் ஆடுகிறார்கள், மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதில்லை, பயிற்சியாளர் அதட்டுவதில்லை, புள்ளிப்பட்டியலும் கிடையாது. "கால்பந்துக்கு விதி எழுதிய நாடு 1966இல் உலகக் கோப்பையை வென்றதோடு சரி. பிள்ளைகளை இப்படி விளையாட்டாக வளர்த்தால் வேறு என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் நோய் என்று நினைப்பதுதான் மருந்து. நோய் எப்படி இருந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

2005 அக்டோபரில் என் மகனுக்குப் பத்து வயது. அன்றெல்லாம் அந்த வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்கள் ஆடும் முழு மைதானத்தில் பதினொருவர் அணியாக இறக்கிவிடுவார்கள். கோல் கம்பமும் பெரியவர்களுடையதுதான்: 24 அடி அகலம், 8 அடி உயரம். எதிரணியின் கோல் கீப்பர் எம்பிக் குதித்தாலும் மேல் கம்பம் எட்டாது. ஆகவே எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் ஒரே உபாயம்தான். வளர்ந்த பையனிடம் பந்தைக் கொடு, அவன் கீப்பரின் தலைக்கு மேல் தூக்கி அடிக்கட்டும். என் மகன் உருவத்தில் சிறியவன் என்பதால் இடது பின்வரிசையில் நிறுத்தினார்கள். முதல் பாதி முழுவதும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கே முறை அவன் காலில் பந்து பட்டது. மூன்று முறை, கோட்டோரம் நின்ற அப்பாக்கள் "அடித்துத் தள்ளு" என்று கத்தியதற்குப் பயந்து வெளியே உதைத்துவிட்டான். நான்காவது முறை பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, ஒருவனைத் தாண்டிப் போகப் பார்த்தான். பந்து பறிபோனது, கோல் விழுந்தது. உடனே அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். மழையில் கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்றான். கத்திய அப்பாக்களில் நானும் ஒருவன். அந்தப் பருவம் முடிந்ததும் அவன் ஆடுவதையே விட்டுவிட்டான். நான்கு ஆண்டுகள் கழித்து நான் பயிற்சியாளர் வகுப்பில் போய் உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

இது ஒரு கிளப்பின் குற்றமல்ல. ஒரு நாட்டின் நினைப்பே அப்படி இருந்தது. "நாம் கண்டுபிடித்த ஆட்டம், நமக்கு யார் சொல்லித்தருவது" என்ற நினைப்பு. 1930இல் உலகக் கோப்பை தொடங்கியும் 1950 வரை இவர்கள் அதில் கலந்துகொள்ளவே இல்லை. கலந்துகொண்ட முதல் முறையே பிரேசிலில் அமெரிக்காவிடம் 1–0 என்று தோற்றார்கள். 1953 நவம்பரில் ஹங்கேரி அணி வெம்ப்லிக்கே வந்து 6–3 என்று அடித்துவிட்டுப் போனது. அந்த ஆட்டத்தில் புஷ்காஷ் உள்ளங்காலால் பந்தைப் பின்னால் இழுக்க, இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் வெறும் புல்லில் சறுக்கிப் போன காட்சியை இன்றும் காட்டுகிறார்கள். ஹங்கேரிக்காரர்கள் தங்களுக்கு வழிகாட்டியவராகச் சொன்னது ஜிம்மி ஹோகன் என்ற ஆங்கிலேயரை. லங்காஷயரில் பிறந்து, ஆஸ்திரியாவிலும் ஹங்கேரியிலும் பந்தை அடக்கி ஆளக் கற்றுக்கொடுத்தவர் அவர். நம் கடற்கரைத் தேவாலயங்களில் கேட்டு வளர்ந்த வசனம்தான், தீர்க்கதரிசிக்குச் சொந்த ஊரில் மதிப்பில்லை.

அதன் பிறகாவது திருந்தினார்களா? சார்ல்ஸ் ரீப் என்ற விமானப்படை அதிகாரி 1950 முதல் ஆட்டங்களைப் பென்சிலால் குறித்து, பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுகின்றன என்று கணக்குக் காட்டினார். கணக்கு சரி, முடிவு தவறு. எந்த ஆட்டத்திலும் பெரும்பாலான நகர்வுகள் மூன்று பாஸுக்குள் முறிந்துவிடுகின்றன. கோல்களும் அங்கேதானே அதிகம் இருக்கும்? கால்பந்துச் சங்கத்தின் பயிற்சித் தலைவராக இருந்த சார்ல்ஸ் ஹியூஸும் அதே போன்ற முடிவுக்கு வந்து, பந்தை விரைவாக முன்னே அனுப்பும் ஆட்டத்தையே பாடமாக்கினார். அப்பாக்கள் கத்தியது அந்தப் பாடத்தைத்தான்.

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் குவிந்துவிட்டார்கள், பெனால்ட்டி என்றாலே சாபம் என்று இங்கே பலர் சொல்வார்கள். அவற்றில் கொஞ்சம் உண்மை உண்டு. எனக்கு அவை பெரிய காரணங்களாகத் தெரியவில்லை. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியிடம் 4–1 என்று தோற்ற ஆண்டு வெளிவந்த எண்ணிக்கையைப் பாருங்கள். ஐரோப்பியச் சங்கத்தின் உயர் தகுதி பெற்ற பயிற்சியாளர்கள் ஜெர்மனியில் ஏறத்தாழ 35,000 பேர், ஸ்பெயினில் 24,000 பேர், இங்கிலாந்தில் 3,000 பேர்கூட இல்லை. ஊருக்கு ஊர் கால்பந்துப் பித்து, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதுதான் வியாதியின் வேர்.

2012இல்தான் கால்பந்துச் சங்கம் துணிந்து மாற்றியது. ஏழு, எட்டு வயதுப் பிரிவுகளுக்கு ஐவர் ஆட்டம், அடுத்த இரண்டு ஆண்டுகள் எழுவர், அதன் பின் ஒன்பதின்மர், பதின்மூன்று வயதுப் பிரிவில்தான் பதினொருவர் என்று அன்று வகுத்தார்கள். கோல் கம்பமும் சிறியது. சிறுவர்களுக்குப் புள்ளிப்பட்டியல் வெளியிடுவதில்லை. இப்போது தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதும் இல்லை. மூளைக்கு ஆகும் கேட்டை நினைத்து 2020இல் கொண்டுவந்த வழிகாட்டுதல் அது.

நம் தூத்தூர்க் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். வள்ளங்களுக்கு நடுவே கிடைத்த மணலில் நாலு பேருக்கு நாலு பேர் வெறுங்காலோடு ஆடினோம். யாரும் கத்தவில்லை, கணக்கும் வைக்கவில்லை. ஒரு மாலையில் எத்தனை நூறு முறை பந்து காலில் பட்டிருக்கும்! இந்த நாட்டுத் தெருக்களிலும் ஒருகாலத்தில் அது நடந்தது. கார்கள் வந்து தெருவை எடுத்துக்கொண்டன. உங்கள் மகனின் பயிற்சியாளர் செய்வது அந்த மணல்திட்டைப் புல்லில் மீட்டுக்கொடுக்கும் வேலை. அவர் மௌனமாக நிற்பது சோம்பல் இல்லை. போன வாரம் என் அணியில் ஒரு எட்டு வயதுச் சிறுமி, மூன்று பேருக்கு நடுவே புகுந்து பந்தை இழந்தாள். நான் அருகில் போய், "அங்கே என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "இடது பக்கம் காலியாக இருந்தது, பிறகுதான் தெரிந்தது" என்றாள். பத்து நிமிடம் கழித்து அதே நெருக்கடியில் இடது பக்கம் திரும்பிப் போனாள். நான் முதலிலேயே "இடது" என்று கத்தியிருந்தால் அவள் கண் திறந்திருக்காது.

பலன் தெரிகிறதா என்று கேட்பீர்கள். 2017இல் இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, அதே ஆண்டு அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்டோர் கோப்பை, இரண்டும் இங்கிலாந்துக்கே வந்தன. இரண்டாவது இறுதியாட்டம் நம் கொல்கத்தாவில். ஸ்பெயினிடம் 0–2 என்று பின்தங்கி 5–2 என்று வென்றார்கள். ஃபில் ஃபோடன் இரண்டு கோல் போட்டார். பெண்கள் அணி 2022, 2025 இரண்டு முறையும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஆண்கள் 2021இலும் 2024இலும் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் தோற்றார்கள். அந்தக் குறை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பந்தைக் கண்டு அஞ்சும் அணியாக அவர்கள் இப்போது இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். உங்கள் மகன் ஆகஸ்டில் பிறந்தவன் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே வயதுப் பிரிவு செப்டம்பர் 1ஆம் தேதியில் தொடங்குகிறது. அவன் பிரிவில் செப்டம்பரில் பிறந்தவன் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன், ஒரு சாண் உயரம். பெரிய கிளப்புகளின் அகாடமிகள் ஒன்பது வயதுப் பிரிவிலிருந்து பதிவுசெய்துகொள்கின்றன. அங்கே எடுபடுபவர்களில் செப்டம்பர், அக்டோபர் பிள்ளைகள்தான் அதிகம். திறமை தெரிந்து எடுத்ததாக நினைப்பார்கள், வளர்த்தியைப் பார்த்து எடுத்திருப்பார்கள். இது இன்னும் தீராத குறை. எடுபட்ட பிள்ளைகளிலும் மிகப் பெரும்பாலோர் பாதியில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். ஆகவே யாராவது தேர்வுக்கு அழைத்தால் அவசரப்படாதீர்கள், அழைக்காவிட்டால் வருந்தாதீர்கள். "நம் பிள்ளைகளுக்கு இது நடக்குமா" என்றும் கேட்டிருந்தீர்கள். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி அணிக்காக ஆடியிருக்கிறார்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைக் காக்கும் ஷின் கார்டு இல்லாமல் ஆடவிடமாட்டார்கள். மறக்காமல் எடுத்துப் போங்கள். பெற்றோர் நிற்பதற்கென்று ஒரு கோடு கட்டியிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். நல்ல முயற்சிக்குக் கைதட்டுங்கள், வழி சொல்லாதீர்கள். வீடு திரும்பும்போது எத்தனை கோல் என்று கேட்க வேண்டாம். இன்று புதிதாக எதைச் செய்து பார்த்தாய் என்று கேளுங்கள். வரும் ஞாயிறு எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் கிளப்போடுதான் ஆட்டம், காலை பத்து மணிக்கு. நான் சீக்கிரமே வந்துவிடுவேன். தேநீர்க் குடுவை கொண்டுவருகிறேன்.